கேட்காமல் வாங்கிய கையெழுத்து

பெரும்பாடு! மாதவிலக்கின்போது குருதி அளவு மீறி, நாள் கணக்கும் மீறிப் போகிறதே, அந்த நோய்க்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. பெயரிட்டவர் எவரோ அறியோம். பெண் படும் பாட்டை உணர்ந்தவராகத்தான் இருக்கவேண்டும். ஆனால் பெயர் வைத்ததோடு நின்றுவிட்டது நம் சமுதாயம். பாடு படுபவளை மூலையிலே உட்கார வைத்தது, தனித் தட்டும் தனிப் பாயும் தந்தது, தீட்டு என்றது. சோகை பிடித்து வெளுத்துப்போன முகத்தைப் பார்த்து, "பெண்ணாய்ப் பிறந்தால் பட்டுத்தானே ஆகவேண்டும்" என்று ஆறுதலும் கூறிற்று!

தோழர்களே, இக்கட்டுரையைக் கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். எனவே 'நாங்கள்' என்பது இருவரையும் குறிக்கும். 'அவர்' என்று வருமிடங்களில் எங்களுள் மனைவியாக உள்ளவரைக் கொள்க. வீட்டு வாயிலைத் தாண்டக்கூடாது என்று நம் நாடு விதித்துள்ள செய்திகளில் ஒன்றைப் பற்றித்தான் எழுதப்போகிறோம். கருப்பையைப் பற்றிப் பேசலாமா என்று முகம் சுளிப்போர் உளர். பேசாமலிருந்ததால் விளைந்தது என்ன என்பதை இறுதிவரை படித்துவிட்டு, பிறகு அவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.

அவருக்கு முதல் மணம் 2011இல் நடந்தது. மணமகன் வளைகுடா நாடொன்றில் வேலை பார்த்தவர். ஆண்டுக்கு ஒரு திங்கள் விடுப்பில் வருவார். 2015இல் அப்படி வந்திருந்தபோது சாலை விபத்தில் மறைந்தார். அவருக்கு அப்போது வயது 30. குழந்தை இல்லை. பூவும் பொட்டும் பறிக்கும் சடங்கை அவர் மறுத்தார் என்பதையும், அதற்காக எத்தனை நாள் உறவினர் பேசாதிருந்தனர் என்பதையும் விரித்தால் அது தனிக் கட்டுரையாகும்.

அதற்கு முன்பே இருந்த பெரும்பாடு அதன் பின்னர் மிகுந்தது. பள்ளி ஆசிரியை, பாடவேளை முழுவதும் நின்று பேசவேண்டிய தொழில். 2017இல் ஒருநாள் கரும்பலகையைப் பிடித்தபடியே சரிந்தார். பெண்களுக்குக் குறைந்தது 12 கிராம் இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் அவர் உடலில் 6 கிராமாக இருந்தது. இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றினார்கள். சில திங்கள் மாத்திரை தந்தார்கள், அடங்கவில்லை. "கணவனைப் பறிகொடுத்த பாவம் இரத்தமாய்ப் போகிறது" என்று கூறிய பெரியம்மா ஒருவரும், நாகதோஷம் என்று கணித்துக் கட்டணம் பெற்றுக்கொண்ட சோதிடர் ஒருவரும் அப்போது வீட்டுக்கு வந்து போனார்கள். கடைசியில் மாவட்டத் தலைநகரில் உள்ள தனியார் மருத்துவமனைக்கு அண்ணன் அழைத்துச் சென்றார்.

அந்த அண்ணனைக் குறை கூற எங்களுக்கு மனம் வராது. தங்கைக்காகக் கடன் வாங்கியவர். இரவெல்லாம் மருத்துவமனை நடையிலே விழித்திருந்தவர். மருத்துவர் அவரிடம், கருப்பையை எடுத்துவிடலாம், அல்லது எடுக்காமல் அதன் உட்படலத்தை மட்டும் சுட்டுவிடலாம், ஒரே நாளில் வீடு திரும்பலாம் என்று கூறியிருக்கிறார். குழந்தை எத்தனை என்றும் கேட்டிருக்கிறார். அண்ணன் சொன்ன விடை இது: "அவளுக்கு இனிமே அதெல்லாம் எதுக்கு டாக்டர்? புருஷன்தான் இல்லையே!"

அவ்வளவுதான். மருத்துவரும் மேலே கேட்கவில்லை. ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள் ஒன்று வந்தது. உறவினர் என்ற இடத்தில் அண்ணன் கையெழுத்திட்டார். மயக்க ஊசிக்குச் சற்று முன்னர், நோயாளி என்ற இடத்தில் அவரும் இட்டார். அந்தக் கையெழுத்தால் எதை விட்டுக்கொடுக்கிறார் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. 32 வயதுப் பெண், படித்தவர், பிள்ளைகளுக்கு உடற்கூறு பற்றிய பாடம் நடத்துகிறவர், கட்டிலில் கிடக்கிறார். அவருடைய கருப்பையைப் பற்றிய பேச்சோ பக்கத்து அறையில் இரண்டு ஆடவருக்கிடையே நடந்து முடிந்துவிடுகிறது!

எண்டோமெட்ரியல் அப்லேஷன் என்பது அந்தச் சிகிச்சையின் பெயர். அறிவியலின் மீது பழிபோடும் எண்ணம் எங்களுக்கு இல்லையாதலால், அதன் வரலாற்றையும் நன்மையையும் சொல்லிவிடுகிறோம். பெரும்பாட்டுக்குக் கருப்பையையே அறுத்தெடுப்பது வழக்கமாக இருந்த காலத்தில், 1981இல் அமெரிக்க மருத்துவர் கோல்ட்ராத் என்பாரும் அவர் குழுவினரும், கருப்பையினுள் குழாய்க் கருவியைச் செலுத்தி, உட்படலத்தை மட்டும் லேசர் கதிரால் அழிக்கும் முறையை வெளியிட்டனர். பின்னர் மின்கம்பியால் சுரண்டும் முறை வந்தது. 1997இல் பலூன் கருவி ஒன்றுக்கு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஒப்புதல் அளித்தது. பலூனைக் கருப்பையினுள் விரித்து, அதில் உள்ள நீர்மத்தை 87 பாகை செல்சியசு வரை சூடாக்கி, 8 நிமிடம் வைத்திருப்பார்கள். வயிற்றைக் கிழிக்கவேண்டியதில்லை, வாரக்கணக்கில் படுக்கவேண்டியதில்லை. குடும்பம் போதும் என்று முடிவு செய்துவிட்ட பெண்ணுக்கு இது பெரும் நன்மை. கருப்பையைத் தேவையின்றி அறுத்தெடுக்கும் கொடுமை நம் நாட்டில் வழக்குமன்றம் வரை போயிற்று. 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அதைத் தடுக்கும் நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் செயற்படுத்தவேண்டும் என்று ஆணையிட்டது. அந்தக் கத்தியோடு ஒப்பிட்டால் பலூன் எவ்வளவோ மேல்.

அவருக்கும் நன்மையே விளைந்தது. குருதி நின்றது, மாதம் ஒருநாள் இரண்டுநாள் கறை படுவதோடு சரி. ஆறு திங்களில் சோகை நீங்கிற்று. முழுநாளும் நின்று பாடம் நடத்தினார். அந்த நாட்களில் மருத்துவரை நன்றியோடுதான் நினைத்தார்.

ஆனால் இந்தச் சிகிச்சையின் முதல் விதி ஒன்று உண்டு. இனிக் குழந்தை பெற விரும்பும் பெண்ணுக்கு இதைச் செய்யக்கூடாது என்பதே அது. மருத்துவ நூல்கள் இதில் ஒரே குரலில் பேசுகின்றன. மாற்று வழிகளும் இருந்தன. ஜப்பானிய மருத்துவ அறிஞர் உத்தாகோ ஒகாமோட்டோ என்னும் பெண்மணியும் அவர் கணவரும் 1962இல் உலகுக்கு அறிவித்த டிரானெக்சாமிக் அமிலம் என்னும் மலிவான மாத்திரை ஒன்று. கருப்பையினுள் வைத்தால் சிறிது சிறிதாக ஹார்மோனைக் கசியவிட்டு, உட்படலத்தை மெலிவித்துக் குருதியைக் குறைக்கும் சிறு சாதனம் மற்றொன்று. அதை எடுத்துவிட்டால் கருத்தரிக்கும் ஆற்றல் திரும்பிவிடும். திரும்பி வரக்கூடிய பாதை ஒன்று இருக்க, திரும்ப முடியாத பாதையிலே அவரைச் செலுத்தியது எது? மருந்தின் குறையா? கருவியின் குறையா? 'விதவைக்கு ஏது பிள்ளை' என்னும் எண்ணம்! விதவை மறுமணத்தை அனுமதித்து 1856இல் சட்டம் வந்தது. 1909இல், உறவினர் எதிர்ப்புக்கிடையே, தங்கை மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார் பெரியார். 1929இல் செங்கற்பட்டு மாநாடு தீர்மானம் இயற்றிற்று. இத்தனைக்குப் பிறகு, 2017இல், கணவனை இழந்த 32 வயதுப் பெண் மீண்டும் மணப்பாள் என்னும் எண்ணம் உடன்பிறந்தவருக்கும் தோன்றவில்லை, மருத்துவருக்கும் தோன்றவில்லை. பழைமை அரசமரத்தடியில் மட்டுமா குடியிருக்கிறது? குளிரூட்டிய அறையிலும், வெள்ளை அங்கிக்குள்ளும் வசதியாகவே இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பின்னால் தேடிப் பார்த்தோம். 2008 சனவரியில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறது. திருமணமாகாத 44 வயதுப் பெண்மணி. நோய் இன்னதென்று கண்டறியும் பரிசோதனைக்கு மட்டுமே இசைந்திருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கையில், வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். தாய் தந்த ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். வயது வந்து, தெளிந்த அறிவோடு இருக்கும் பெண்ணின் உடலைப் பற்றி அவளே இசையவேண்டும். சிகிச்சையின் தன்மை, கேடு, மாற்றுவழி ஆகியவற்றைப் போதுமான அளவு அறிந்து இசையவேண்டும் என்று விளக்கிற்று. எங்கள் தாளில் அவர் கையெழுத்தே இருக்கிறது. ஆகவே வழக்கு நிற்குமா என்பது வேறு. நாங்கள் வழக்குக்குப் போகவில்லை.

நாங்கள் சந்தித்தது ஒரு நூலக வாசகர் வட்டத்தில். 2020இல், கொரோனா காலக் கட்டுப்பாடுகளுக்கிடையே, இருபது பேர் முன்னிலையில் மணம் புரிந்தோம். ஐயர் இல்லை, தாலி இல்லை. மாலை மாற்றிக்கொண்டோம், உறுதிமொழி கூறினோம். 1967இல் அண்ணா ஆட்சி நிறைவேற்றிய சட்டத் திருத்தத்தால் அது செல்லுபடியாகும் திருமணம். வந்திருக்க வேண்டியவர்கள் பலர் வரவில்லை. நோய்த் தொற்று அவர்களுக்கு நல்லதொரு சாக்காக உதவிற்று!

குழந்தை வேண்டும் என்ற எண்ணம் அடுத்த ஆண்டு எழுந்தது. ஏன் வேண்டும் என்று எங்களை நாங்களே குடைந்து கேட்டோம். 'புத்' என்னும் நரகத்திலிருந்து மீட்பவன் புத்திரன் என்கிறது மனு; அந்த நரகத்தில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. கொள்ளி வைக்க ஆள் வேண்டும் என்ற கவலையும் இல்லை. உடல்களை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பது என்று எழுதி வைத்துவிட்டோம். சொத்தும் பெரிதாக இல்லை. பின் ஏன்? ஒரு குழந்தையை வளர்க்கவேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான். ஆசைக்குக் காரணம் காட்டவேண்டும் என்று பகுத்தறிவு வற்புறுத்துவதில்லை.

அரசு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியையாக இருந்த அம்மையார் ஒருவரிடம் சென்றோம். பழைய தாள்களைப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார், கருப்பையினுள் குழாய் செலுத்தியும் பார்த்தார். பிறகு இருவரையும் உட்கார வைத்து, ஒரு தாளில் படம் வரைந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் விளக்கினார். 2017இல் யாரேனும் கால் மணி நேரம் செலவிட்டிருந்தால்!

அவர் சொன்னதன் சாரம் இது. கருப்பையின் உட்படலத்தில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலடுக்கு மாதந்தோறும் தடித்து, கரு தங்காவிடில் உதிர்கிறது. அடியடுக்கு உதிர்வதில்லை, அதிலிருந்துதான் மேலடுக்கு மறுபடியும் முளைக்கிறது. சூடு அந்த அடியடுக்கையே அழித்துவிடுகிறது. ஆயினும் முழுவதும் அழிவதில்லை. மூலைகளில் திட்டுத் திட்டாக எஞ்சி நிற்கும். எஞ்சாத இடங்களில் தழும்பு ஏறி, எதிரெதிர்ச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். தஞ்சைப் பக்கத்துக்காரராதலால் அம்மையார் ஓர் உவமையும் சொன்னார். "செங்கல் சூளைக்கு மேல்மண்ணை வெட்டி எடுத்த வயலைப் பார்த்திருப்பீர்களே? வயல் அங்கேயேதான் இருக்கிறது. வரப்பு இருக்கிறது, வாய்க்காலில் தண்ணீரும் வருகிறது. ஆனால் விதைத்தால் வேர் பிடிக்க மண் இல்லை." அவருடைய படலத்தின் தடிப்பு ஸ்கேனில் 3 மில்லிமீட்டர். கரு தங்குவதற்கு 7 மில்லிமீட்டராவது இருந்தால் நல்லது என்பது மருத்துவர்களின் பொதுக் கணக்கு.

ஒரு விந்தையையும் கூறினார். சினைப்பைகள் இரண்டும் நலமாக இருக்கின்றன, கருக்குழாய்கள் இருக்கின்றன, மாதந்தோறும் முட்டை வெளிப்படுகிறது. எனவே இந்தச் சிகிச்சை கருத்தடையாகாது. 'எல்லாம் சுட்டாயிற்று, இனிக் கவலையில்லை' என்று எண்ணிக் கருத்தடையைக் கைவிட்ட பெண்களில் சிலர் கருவுற்றுத் திகைத்துப்போகிறார்கள். குழந்தை வேண்டாம் என்பவளுக்குப் பாதுகாப்புத் தராது. வேண்டும் என்பவளுக்கு இடம் தராது! அப்படித் தற்செயலாகவும் விரும்பியும் நேர்ந்த 274 கருத்தரிப்புகளை உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டி, 2018இல் பிரிட்டிஷ் மகப்பேற்று இதழ் ஒன்றில் ஆய்வுரை வெளிவந்திருக்கிறது. ஆய்வுமுறைப்படி தொடர்ந்து கவனிக்கப்பட்ட பெண்களிடையே நூற்றுக்கு ஏறத்தாழ 85 கருத்தரிப்புகள் கருச்சிதைவாகவோ, கருப்பைக்கு வெளியே தங்கிய கருவாகவோ, கலைப்பாகவோ முடிந்தன. கலைப்புகளில் பல, வேண்டாத கருவுக்குச் செய்தவை என்பதையும் அம்மையார் எடுத்துச் சொன்னார். எண்ணைக் கண்டு மட்டும் மருளவேண்டாம் என்றார்.

அவர் அஞ்சியது பிழைத்து வளரும் கருவைப் பற்றித்தான். நஞ்சுக்கொடிக்கும் கருப்பைத் தசைக்கும் நடுவே படலம் ஒரு வேலிபோல் நிற்கவேண்டும். வேலி இல்லாவிடில் நஞ்சுக்கொடி தசைக்குள் வேர்விட்டுவிடும். பேற்றின்போது பிரியாது, பிரிக்க முயன்றால் குருதி வெள்ளம். தாயைக் காப்பாற்றக் கருப்பையை எடுக்கவேண்டி வரும். எடுத்தும் காப்பாற்ற முடியாமற் போவதும் உண்டு. தழும்பேறிய பை விரிந்து கொடுக்காததால் பனிக்குடம் முன்னரே உடையலாம். குழந்தை குறைமாதத்தில் பிறக்கலாம். பை கிழியவும் கூடும். "முடியாது என்று நான் சொல்லமாட்டேன். நல்லபடியாகப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் உயிரை வைத்து ஆடுகிற ஆட்டம் இது. முடிவு உங்களுடையது," என்று அவரைப் பார்த்துக் கூறினார். கணவனைப் பார்த்துக் கூறவில்லை. அதை நாங்கள் இருவருமே கவனித்தோம்.

சில திங்கள் எண்ணினோம். ஒட்டியிருந்த இடங்களை அம்மையார் குழாய்க் கருவியால் பிரித்து, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தந்தார். படலம் 3 என்பது 5 ஆயிற்று. முயல்வது என்று அவர் முடிவு செய்தார். கருவுற்றதாக ஐயம் தோன்றினால் காத்திராமல் உடனே வரவேண்டும், கரு எங்கே தங்கியிருக்கிறது என்று முதலில் பார்த்தாகவேண்டும் என்பது அம்மையாரின் நிபந்தனை. 2022இல் கரு தங்கிற்று. மாதவிலக்கு நாளே தெளிவாகத் தெரியாத உடல். குமட்டல்தான் செய்தி சொல்லிற்று. ஸ்கேனில் கருப்பைக்குள்ளேதான் இருந்தது, துடிப்பையும் பார்த்தோம். ஒன்பதாம் வாரம் பார்க்கையில் துடிப்பு இல்லை. நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தோம். அதைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

ஊர் எழுதிவிட்டது தன் தீர்ப்பை! அறுத்துக் கட்டியவளுக்கு அப்படித்தான் ஆகும் என்றார் ஒருவர். தாலியில்லாத கல்யாணம் தங்குமா என்றார் மற்றொருவர். ராமேசுவரம் போய்த் தீர்த்தமாடச் சொன்னவர்களும், அரசமரத்தைச் சுற்றச் சொன்னவர்களும் எங்கள் மீது அன்புடையவர்களே. அதனால் அவர்களிடம் சினம் கொள்ளவும் முடியவில்லை. எங்கள் வீட்டில் மாமியார் நாள் தவறாமல் கோயிலுக்குச் செல்பவர். மகன் கொள்கையில் அவருக்கு ஒரு துளியும் உடன்பாடில்லை. உறவுக்காரர் கூடியிருந்த இடத்தில் ஒருத்தி குத்திப் பேசியபோது அவர்தான் எழுந்தார். "பிள்ளை பெறவா அவளைக் கூட்டிக்கிட்டு வந்தான் என் மகன்? அவ இந்த வீட்டுப் பொண்ணு. பேச்சை நிறுத்து," என்றார். மேடையிலே எங்கள் தோழர்கள் பேசிய எத்தனையோ சொற்பொழிவுகளைக் கேட்டிருக்கிறோம். அந்த நெற்றி நிறைய நீறு பூசிய அம்மையாரின் மூன்று வாக்கியங்களுக்கு ஈடாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

பழைய மூடநம்பிக்கைக்குச் சற்றும் இளைத்ததல்ல புதிய மூடநம்பிக்கை. பேருந்து நிலையத்தை ஒட்டி, சிரிக்கும் குழந்தையின் படம் போட்ட விளம்பரப் பலகையோடு, கருத்தரிப்பு மையங்கள் இருக்கின்றன. ஒன்றில் நுழைந்தோம். பழைய தாள்களை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. கட்டணப் பட்டியல் கைக்கு வந்துவிட்டது. குருதியிலிருந்து தட்டணுக்களைப் பிரித்துக் கருப்பைக்குள் செலுத்துவார்களாம். வேண்டுமானால் ஸ்டெம்செல் சிகிச்சையும் உண்டாம். உறுதியான சான்று இருக்கிறதா என்று கேட்டோம். 'நம்பிக்கை வையுங்கள்' என்ற விடை வந்தது. நம்பிக்கை வையுங்கள்! கோயில் வாயிலில் கேட்டுச் சலித்த அதே சொல்! குருதி நோய்கள் முதலான சிலவற்றுக்குத் தவிர, ஸ்டெம்செல்லை முறையான ஆய்வுக்கு வெளியே சிகிச்சை என்று விற்கக்கூடாது என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே கூறியிருக்கிறது. உண்டியலுக்கும் பில்லுக்கும் தாளில்தான் வேறுபாடு.

எங்கள் அணியிலிருந்தே ஒரு கேள்வி வந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. "பெரியார் பெண்களைப் பிள்ளை பெறாதே என்றல்லவா சொன்னார்? நீங்கள் பிள்ளைக்காக ஏன் உயிரைக் கொடுக்கிறீர்கள்?" என்று இளந்தோழர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். கர்ப்பத்தடையைப் பற்றிப் பெரியார் எழுதியதை எடுத்துப் படித்துப் பாருங்கள். நாட்டின் வறுமை தீர, குடும்பச் செலவு குறைய என்று மற்றவர்கள் கர்ப்பத்தடையை ஆதரித்த காலத்தில், பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்றார் அவர். கருப்பையின் மீது கணவனுக்கும், குலத்துக்கும், சாத்திரத்துக்கும் இருந்த ஆட்சியை எதிர்த்த குரல் அது. பெறு என்று கட்டளையிடுவது எந்த ஆட்சியோ, இவளுக்கு இனி வேண்டியதில்லை என்று கேளாமலே முடிவு கட்டுவதும் அதே ஆட்சிதான். அவருக்கு வேண்டாம் என்று அண்ணன் முடிவு செய்தார். வேண்டாம் என்று எங்கள் தோழரும் முடிவு செய்தால், அவருக்கென்று முடிவு செய்ய என்ன மிஞ்சும்? பெரியாருக்கும் நாகம்மையாருக்கும் பிறந்த ஒரே பெண்மகவு ஐந்தாம் திங்களில் மறைந்தது. பிறகு பிள்ளை இல்லை. அண்ணாவும் இராணி அம்மையாரும் பெற்ற பிள்ளை இல்லாதவர்கள். தமக்கையின் பேரப்பிள்ளைகளை வளர்ப்புப் பிள்ளைகளாக ஏற்று வளர்த்தார்கள். அவர்கள் வாழ்வில் எதுவும் குறைந்துவிடவில்லை. குழந்தை மீது ஆசை கொள்வதை அவர்கள் இழிவாகவும் எண்ணவில்லை.

மறுமுறை முயல்வதில்லை என்று அவர் முடிவு செய்தார். அடுத்து வாடகைத் தாய் முறையைப் பற்றிப் பேசினோம். 2021ஆம் ஆண்டுச் சட்டம், 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளில் கருப்பைச் சுவர்கள் ஒட்டிக்கொண்ட நிலையும், படலம் மெலிந்த நிலையும் தக்க காரணங்களாக ஏற்கப்பட்டிருக்கின்றன. எங்களுக்குத் தகுதி இருந்தது. சுமப்பவள் மணமானவளாகவும், தனக்கென ஒரு குழந்தை உடையவளாகவும், 25 முதல் 35 வயதுக்கு உட்பட்டவளாகவும் இருக்கவேண்டும். மருத்துவச் செலவும் காப்பீடும் தவிரப் பணம் எதுவும் தரக்கூடாது. உறவிலே தங்கை முறையாகும் பெண் ஒருத்தி முன்வந்தாள். "அக்கா, நான் சுமந்து தர்றேன். உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?" என்றாள். கண் கலங்கிற்று. ஆனால் அவள் கணவன் குடிகாரன். வீட்டின் மீது கடன். அந்தக் கடனுக்கு முந்தின ஆண்டு நாங்கள் கொஞ்சம் உதவியிருந்தோம். நாங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் அவள் இருந்தாளா? அன்பினால் சொன்னாளா, நன்றிக்கடனால் சொன்னாளா? அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. கணவன் அதற்குள் "தாராளமாகச் செய்யட்டும்" என்று அவள் சார்பில் எங்களிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்! அதைக் கேட்டபிறகு எங்களால் இசைய முடியவில்லை. வேறு சூழ்நிலையில் இம்முறையை மேற்கொள்வோரை நாங்கள் குறை கூறவில்லை.

2023இல், குழந்தையைத் தத்தெடுக்க மைய அரசின் தத்து வளங்கள் ஆணையத்தில் பதிவு செய்தோம். விதிகள் தெளிவானவை. மணமாகி இரண்டாண்டு ஆகியிருக்கவேண்டும். இருவர் வயதையும் கூட்டினால், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 85, இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்கு 90 என்பன மேல்வரம்புகள். பதிவு செய்த நாளில் எங்கள் கூட்டு வயது 79. முன்னெல்லாம் நீதிமன்றம் தந்த தத்து ஆணையை 2022 முதல் மாவட்ட ஆட்சியரே தருகிறார். கைக்குழந்தைதான் வேண்டும் என்போர் வரிசை நீளமானது. நாங்கள் இரண்டு முதல் நான்கு என்று குறித்தோம்.

"எந்தச் சாதிப் பிள்ளையோ, யார் இரத்தமோ!" என்று பதறினார் அண்ணன். 2017இல் தங்கை உடலில் இரண்டு யூனிட் இரத்தம் ஏறியதே, அந்தப் பைகளின் மீது இரத்தப் பிரிவு எழுதியிருந்தது, சாதி எழுதியிருந்ததா? கையெடுத்துக் கும்பிட்டல்லவா வாங்கினார் அண்ணன்! இதைச் சொன்னதும் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு சிரித்துவிட்டார். இப்போது, எப்போது வரும் என்று எங்களைவிட அவர்தான் அடிக்கடி கேட்கிறார்.

அவர் பள்ளியிலும், மாலையில் மகளிர் குழுக் கூட்டங்களிலும் இப்போது இதைப் பேசுகிறார். பெரும்பாட்டோடு வரும் பெண்ணிடம் அவர் கேட்கச் சொல்லும் கேள்விகள் சில உண்டு. இந்தச் சிகிச்சையைப் பின்னால் மாற்ற முடியுமா? மாத்திரைக்கும் உள்ளே வைக்கும் சாதனத்துக்கும் காலம் கொடுத்துப் பார்த்தாயிற்றா? செய்தபின் கருத்தரித்தால் என்ன ஆகும்? தாளைத் தமிழில் படித்துக் காட்டுவீர்களா? சென்ற திங்கள் ஓர் இளம்பெண், கணவனைப் பிரிந்து வாழ்பவள், வயது 29, கையில் அதே ஆங்கிலத் தாளோடு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் அறுவைக்கூடத்துக்குப் போகவேண்டியவள். அவர் அவளோடு மருத்துவமனைக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, கேள்விகளை அவளையே கேட்கச் செய்தார். மருத்துவர் முதலில் சலித்துக்கொண்டாராம். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விடை கூறினாராம். அவள் உள்ளே வைக்கும் சாதனத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

எங்கள் வீட்டை ஆய்வு செய்யச் சமூகப் பணியாளர் வந்து போனார். சம்பளம், உடல்நலம், குழந்தை எந்த அறையில் உறங்கும் என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். மாமியாரையும் தனியே அழைத்துப் பேசினார். பெயரைப் பற்றித்தான் வீட்டில் கருத்து வேறுபாடு. மாமியார் தம் தாயின் பெயரை வைக்கவேண்டும் என்கிறார். பெண்ணாகத்தான் வரும் என்பது அவர் துணிபு. மூன்று வயதுக் குழந்தைக்கு முன்பே ஒரு பெயர் இருக்குமே என்றால், "இருந்தா இருக்கட்டும், ரெண்டு பேரு இருந்தா என்ன கெட்டுப்போச்சு?" என்கிறார். வரிசை எண்ணை வாரத்துக்கொரு முறை பார்க்கிறோம், மெல்லத்தான் நகர்கிறது.